நடுவில் ஓர் ஊர்

யூனிஸ் கொத்துரொட்டி அடிப்பதை நிறுத்திவிட்டு, “அக்கா, நான் ஊருக்குப் போகப்போறன்” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விசரே உனக்கு? மொசூலுக்குப் போனியெண்டால் பிரெஞ்சுக்காரர் அகதிக் கார்டைப் பறிச்சுப் போடுவாங்கள். பிறகு எங்கை வருவாய்?”

பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஆறு வருடமாக நிற்கிறான். ஈராக்காரன், ஆனால் குசினியில் பழகிப் பேசுவது எங்கள் தமிழ். ஆயுதக் குழு மொசூலைப் பிடித்தபோது ஓடிவந்தவன். நகரம் மீட்கப்பட்டதும் அவன் தாய் முகாமிலிருந்து பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பாதிக் கூரை இல்லை. தண்ணீர் வண்டியில்தான் வருகிறது. பக்கத்து வளவில் இன்னும் கண்ணிவெடி எடுக்கிறார்கள். ஆனாலும் மனுசி அசையவில்லை. விட்டுப்போனால் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள் என்ற பயம். இப்போது நெஞ்சுவருத்தமும் சேர்ந்துவிட்டது.

அவன் மொசூலைச் சொன்னால் எனக்கு யாழ்ப்பாணம்தான் தெரியும். அவன் ஆற்றங்கரை மீன்கடைகளைச் சொல்வான், நான் எங்கள் பெரியகடைச் சந்தையைச் சொல்வேன். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோப் பாட்டுக் கேட்ட கதைக்கு வயிறு நோகச் சிரிப்பான். எங்கள் பட்டினமும் கை மாறி மாறிப் போனதுதான். அந்தச் சண்டைக்குள்ளும் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று நினைக்க இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

“நாங்கள் என்ன செய்தனாங்கள் தெரியுமே? எங்களுக்கும் ஊருக்குப் போகேலாது, அதாலை அம்மாவை இந்தியாவுக்கு, திருச்சிக்குக் கூப்பிட்டம். இஞ்சையிருந்து நாங்களும் போனம். இஞ்சை லாச்சப்பல் தமிழ்ச் சனம் கனபேர் தாய்தேப்பனை அப்பிடித்தான் கண்டது. நீயும் கொம்மாவை நடுவிலை இருக்கிற இஸ்தான்புல்லுக்குக் கூப்பிடு.”

“அவ வரமாட்டா, அக்கா.”

“போனைப் போடு. நான் கதைக்கிறன்.”

போனில் கறுப்பு முக்காடு போட்ட முகம் வந்தது. நான் சொல்லச் சொல்ல யூனிஸ் அரபியில் சொன்னான். ஒரு மாதத்துக்கு வீட்டுத் திறப்பை அயலாரிடம் கொடுங்கள், மகன் அங்கே வந்தால் பிறகு பாரிசுக்குத் திரும்ப முடியாது என்றேன். மனுசி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மகன் தங்கள் வீட்டு வாசலால் வரவேண்டும், அவ்வளவுதான். கல்லில் நார் உரிக்கிற வேலையாகப் போய்விட்டது.

“எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் பிடிவாதமா நிண்டவ. கடைசியிலை வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தவ. அதாலைதான் நான் அவவைக் கண்டனான். அடுத்த வருசம் செத்துப்போனா. இதை அப்பிடியே சொல்லு.”

அவன் சொன்னான். தாய் மெல்ல ஏதோ கேட்டார்.

“என்னவாம்?”

“அங்கை எடுக்கிற அறையிலை அடுப்பு இருக்குமோ எண்டு கேக்கிறா. எனக்குச் சமைச்சுத் தரவேணுமாம்.”

திருச்சி லொட்ஜில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். நின்ற நாள் முழுக்கக் கடைச் சாப்பாடுதான். அத்தனை வருடத்துக்குப் பிறகு கண்ட அம்மா, பார்சலைப் பிரித்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார். அவர் கையால் ஒரு தேத்தண்ணிகூட நான் குடிக்கவில்லை.

“ஓம், இருக்கும் எண்டு சொல்லு” என்றேன். “அடுப்பில்லாத அறை எங்களுக்கு வேண்டாம்.”