மாதிரி மாணவியின் தனிமடல்கள்

கல்லூரியின் மூன்றாம் மாடிக் கணினி அறைக்கு நீலத் திரைச்சீலைகள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் அவற்றின் வழியாக வடிந்து வரும்போது, முப்பது கணினிகளும் நீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அங்கேதான் அவள் ஆசிரியர்களுக்கு இணையத்தில் வகுப்பு நடத்தக் கற்றுக்கொடுத்தாள். ஆறு மாத ஒப்பந்த வேலை. எல்லோருக்கும் அவள் 'கம்ப்யூட்டர் பொண்ணு'.

"வாத்தியாருக்கே வாத்தியாரா நீ?" என்று சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். இவளுக்குச் சிரிப்பு வராது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். படிக்கிற காலத்தில் வகுப்பில் ஒரே ஒரு முறை கையைத் தூக்கினாள். "இதுகூடத் தெரியாம எதுக்கு வந்த?" என்றார் ஆசிரியர். இறங்கிய கை மூன்று வருஷம் ஏறவே இல்லை. இப்போது அதே ரகத்து ஆட்கள் மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கு சார், மாணவர்கள் அனுப்பிய விடைகளை அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தி, அதைப் படம்பிடித்து மறுபடி ஏற்றியிருந்தார். அவள் நக்கலடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது தடவையும் சொல்லிக்கொடுத்தாள்.

பழகுவதற்கென்றே அந்த இணைய வகுப்புத் தளத்தில் ஒரு 'பயிற்சி அறை' உண்டு. பாடம் ஏற்றலாம், தேர்வு வைக்கலாம், தப்புச் செய்யலாம். அதில் பொய்யாக ஒரு மாணவியை உண்டாக்கி வைத்திருந்தாள். பெயர், மாதிரி மாணவி. ஆசிரியர்கள் பதில் எழுதிப் பழக வேண்டுமே என்று அந்தப் பெயரில் தானே நுழைந்து ஆளுக்கொரு கேள்வி போடுவாள். 'தேர்வு என்றைக்கு?' என்பதுபோல் ஏதாவது.

கடல் மேடத்திடம் மட்டும் அப்படிக் கேட்டு நிறுத்த முடியவில்லை. புவியியல் ஆசிரியை, கடலைப் பற்றியே பேசுவதால் அந்தப் பெயர். முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவர். அவர் ஏற்றிய முதல் பாடம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கப் போனவள், உட்கார்ந்து படித்துவிட்டாள். பிறகு எழுதினாள்: 'கடலுக்கு அடியிலும் ஆறு ஓடும் என்கிறீர்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது கரை?'

அன்று மாலையே ஒரு பக்கப் பதில். உப்பு கூடிய நீர் கனமானது, லேசான நீரோடு சட்டென்று கலக்காமல் அடியில் தனியே ஓடும், கரை மண்ணாலேயே ஆக வேண்டுமென்பதில்லை, எடையும் ஒரு கரைதான். கடைசியில், 'நல்ல கேள்வி. இன்னும் கேள்.'

அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கேட்டாள். பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஆட்கள் கடற்பாசிபோல் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தபடி அடுத்த கேள்வியை யோசித்தாள். பாத்திரம் கழுவும்போது கைகளைத் தொட்டிக்குள்ளேயே மறந்து வைத்திருந்தாள். ஆறு வாரத்தில் முப்பத்தொரு கேள்விகள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு மேல், மேடம் படியேறி வந்தார்.

"திங்கக்கிழமை வகுப்பு தொடங்குது. எல்லாத்தையும் ஏத்திட்டேன். பிள்ளைங்களுக்குத் திரையில ஒண்ணுமே தெரியலையாம்."

அவள் திறந்து பார்த்தாள். மேடத்தின் நிஜ வகுப்பு துடைத்து வைத்ததுபோல் காலி. எல்லாம் பயிற்சி அறையில் இருந்தது.

"மேடம், இது பயிற்சி அறை. பயிற்சிப் பருவம் முடிஞ்சதுன்னு இன்னைக்கு நாலு மணிக்குத் தானா அழிஞ்சிடும்."

"நீதானே இங்க போடுங்கன்னு சொன்ன?"

"பழகறதுக்குச் சொன்னேன். குடிவந்துடச் சொல்லல."

பாடங்கள் ஒரே அழுத்தில் இடம் மாறின. மேடம் தலையை ஆட்டினார். "இது வெறும் சட்டை. உடம்பு இதுல இல்ல. ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா. அவளுக்கு எழுதின பதிலெல்லாம்தான் பாடம்."

"எங்க எழுதினீங்க?"

"தனிமடல்ல."

இந்தத் தளத்தில் தனிமடல் பெற்றவர் பெட்டியில் மட்டுமே இருக்கும். "நகல்?"

"ஏது நகல்? நேரா அதுலயே அடிச்சேன். அவளைக் கூப்பிடு, கடவுச்சொல்லை வாங்கு. 'மாதிரி மாணவி'ன்னு ஏதோ புனைபேர் வெச்சிருக்கா, பட்டியல்ல தேடினேன், அப்படி ஒரு பேரே இல்ல. எந்தத் துறை அவ?"

மணி மூன்று இருபது. அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதம் முதல்வர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தால் போதும், அது கிடந்தபடியே கிடக்கும். 'தெரியாது மேடம்' என்றுவிட்டால் நாலு மணிக்கு எல்லாம் தானாகக் கரைந்துவிடும். திரைச்சீலை காற்றில் உப்பி இறங்கியது. அறை மூச்சு விடுவதுபோல் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடவுச்சொல்லைத் தானே அடித்தாள். மடல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன.

"உனக்கெப்படி..." மேடம் பாதியில் நிறுத்தினார்.

"நான்தான் மேடம் அது."

"என்னை வெச்சு வேடிக்கை பார்த்தியா?"

"முதல் கேள்வி வேலைக்காகக் கேட்டது. மீதி முப்பதும் தெரிஞ்சுக்கணும்னு கேட்டது." அவள் விரல்கள் மடல்களைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தன.

"நேர்ல வந்து கேக்க வாயில்லையா?"

"நேர்ல கேட்டா நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

மேடம் அவள் தோளுக்குமேல் குனிந்து, தான் எழுதியதை வேற்றாள் எழுத்துபோல் வெகுநேரம் படித்தார். பிறகு பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தார். "கீழேருந்து நான் வரேன். கடவுச்சொல்லைச் சொல்லு."

 விசைகளின் சத்தம் மழை பிடித்ததுபோல் கேட்டது. நாலு மணிக்கு இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் வெளுத்தன. இருபத்தேழு கிடைத்திருந்தன. நடுவில் நாலு போய்விட்டன.

"போனதைத் திரும்ப எழுதிடுவீங்களா மேடம்?"

"அதே மாதிரி வராது." மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டார். "முதல்வர்கிட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க."

"பொய்ப் பேர்ல எழுதினதையும் சொல்வேன். மீட்டுக் கொடுத்ததையும் சொல்வேன். எதை முதல்ல சொல்றதுன்னு இறங்கறப்போ யோசிச்சுக்கறேன்."

அவள் இருபத்தேழையும் நிஜ வகுப்பில் ஏற்றி, மாணவர்களுக்குத் திறந்துவிட்டாள். நீல வெளிச்சம் முழங்கால்வரை ஏறியிருந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாடி. அடுத்த வளைவில் நின்றது. அவள் காது கொடுத்தாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, முன்னைவிட மெதுவாக, இறங்கத் தொடங்கியது.