உரம் போடாத நாலு பாத்தி

உரம் போடாத நான்கு பாத்திகள்தான் முதலில் சாய்ந்திருக்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி கலைமணி காடாம்புலியூர் வந்ததே அதை எண்ணத்தான். சின்ன வெங்காயம் நட்டு அன்று ஐம்பத்தெட்டாம் நாள். பட்டினி கிடந்த பயிர் சீக்கிரம் முதிரும். தாள் கழுத்தில் மடிந்து தரையில் படுத்துவிடும். பாத்திக்குப் பாத்தி எத்தனை செடி படுத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது.

நான்கும் நின்றுகொண்டிருந்தன. கரும்பச்சையாக, கழுத்து தடித்து.

குச்சியில் கட்டிய அட்டைகளைப் பார்த்தாள். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு பாத்தி, ஏழு விதமான உரம், ஒவ்வொன்றும் நான்கு இடத்தில். அட்டை மாறியிருக்குமோ என்று வரப்பிலிருந்து நடந்து அளந்தாள். மாறவில்லை. முழு அளவு யூரியா பெற்ற பாத்திகளே பாதி சாய்ந்திருந்தன. மண்புழு உரமும் கந்தகமும் பெற்றவை முக்கால்வாசி. ஒன்றுமே பெறாதவை மட்டும் விறைப்பாக நின்றன.

முதல் தடவை நட்டதைக் கார்த்திகை மழை கொண்டுபோயிற்று. இது இரண்டாம் தடவை. இதுவும் போனால் ஜூனில் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் கம்மாபுரத்தில் அவள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்வரும் தூரத்தில் இருக்கிற விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

நிலத்துக்காரர் ஞானசேகரன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார்.

"வாங்க மேடம்."

இரண்டு வருடமாக அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த நாலு பாத்திக்கு என்னா போட்டீங்க?"

"நான் என்னாத்த போடப் போறேன்? மண்ணு நல்ல மண்ணு."

"போன மாசம் மஞ்சளாக் கெடந்துச்சே."

"பனி பேஞ்சுது மேடம்."

"மத்த பாத்திக்கெல்லாம் பேயலியா?"

அவர் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். அது ஓடவில்லை. களை பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சௌந்தரம் நிமிர்ந்தாள்.

"சொல்லித் தொலைங்களேன். அந்தப் பொண்ணு அட்டைய அட்டைய பாத்துகிட்டு நிக்குது."

"நீ சும்மா இரு."

"யூரியா வெச்சாரும்மா. கயல பொண்ணு பாக்க வராங்கன்னு."

கயல்விழி அவர்கள் மகள். மாப்பிள்ளை வீடு கடலூர் முதுநகர். கலைமணிக்குச் செய்தி தெரியும். அதற்கும் வெங்காயத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் தெரியவில்லை.

ஞானசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டார். இனி மறைத்துப் பயனில்லை.

"அந்தப் பாத்தி ரோட்டோரம் இருக்குது பாப்பா. கார்ல வரவன் மொதல்ல எதப் பாப்பான்? வெங்காயத்தக்கூட ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் பொண்ண எப்பிடி வளத்திருப்பான்னு நெனைக்க மாட்டானா?"

"ரோட்டோரம் ஒண்ணுதான இருக்கு. மத்த மூணு?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததுக்கு வெக்காம வுட்டா, அதுங்க என்னா பாவம் பண்ணுச்சு? நாலுக்கும் சமமா வெச்சேன். தராசுல நிறுத்துத்தான் போட்டேன். நீ பண்றாப்புலயே. ஒரு பிடி ஜாஸ்தி கெடையாது."

கலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாத்தி மட்டும் கெட்டிருந்தால் கணக்கில் சமாளிக்க வழி உண்டு. அவருடைய நியாயம் நான்கையும் கொன்றுவிட்டது. உரம் போட்டதால் எவ்வளவு கூடியது என்று சொல்ல, போடாதது என்று ஒன்று வேண்டும்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்ப."

சௌந்தரம் மறுபடி களை பறிக்கக் குனிந்தாள். "அவுங்க இந்த ரோட்டுலயே வரல. பண்ருட்டி வழியா வருவாங்கன்னு அன்னிக்கு இவுரு காலையிலேருந்து இங்க நின்னாரு. அவுங்க வடலூரைச் சுத்திகிட்டு வந்து வூட்டுல காப்பி குடிச்சிட்டாங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் ஞானசேகரன். பிறகு கலைமணியிடம், "வெளைச்சல் கூடத்தான வரும்? நல்லதுதான?"

அவள் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். காய் பெரிதாகத்தான் இருந்தது. கழுத்து சுண்டுவிரல் தடிமன். நகத்தால் கீறியதும் நீர் கசிந்தது.

"கடைசி நேரத்துல யூரியா வெச்சா இப்பிடித்தான் ஆவும். கழுத்து காயாது. ரெண்டு மாசம் வெச்சா அழுவிப் போயிடும்."

"நான் எதுக்கு ரெண்டு மாசம் வெக்கறேன்? மறுநாளே மார்க்கெட்டுல தள்ளிடுவேன்."

அவர் சொன்னது அவருக்குச் சரி. அதனால்தான் அவளுக்கு எரிச்சல் கூடியது. திட்டுவதற்கு ஆள் கிடைத்தும் திட்ட இடம் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்தாள். மற்ற இருபத்துநான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. காலியாக இருந்த நான்கில், நூற்றுக்கு எத்தனை சாய்ந்தது என்று பென்சிலால் எழுதினாள். 84, 86, 83, 85. பார்த்தாள். நம்பும்படியாகவே இருந்தது. அடுத்தது அறுவடை எடை. அதையும் எழுத வேண்டும். பிறகு காயின் விட்டம், காரம், மாதா மாதம் இருப்பில் குறைந்த எடை, அழுகியது, முளைத்தது. நான்கு பாத்திக்கும் மூன்று மாதம், இல்லாத வெங்காயத்தை நிறுத்துக்கொண்டிருக்க வேண்டும். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ரப்பரால் அழித்தாள். தாள் கொஞ்சம் கிழிந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் சகாயநாதன் நோட்டை வாங்கிப் புரட்டினார். கிழிசலில் விரலை வைத்து நிறுத்தினார். அவள் நடந்ததைச் சொன்னாள். பொண்ணு பார்த்ததையும் சொன்னாள்.

"சம்பந்தம் முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது சார்."

"நல்லது. உனக்கு முடியல. வைகாசியில திரும்பப் போடு."

"ஜூன்ல குடுக்கணும் சார். அந்த வேலை..."

"தெரியும்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "நாலு கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. நிரப்பிக் கொண்டுவந்தா அதுலயும் போட முடியாது."

வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். மண் பரிசோதனை, விதை வெங்காயம், பாத்தி கட்டுதல், எல்லாம் முதலிலிருந்து. வேறு நிலம் தேடவும் நாள் இல்லை. ஞானசேகரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வைகாசிப் பட்டத்துக்கும் அந்த நெலம் வேணும்."

"தாராளமா எடுத்துக்க பாப்பா. உன்னோட பாதி உழைப்ப நான்தான கெடுத்தேன். ஆனா ஒண்ணு. அந்த ஒண்ணுமே போடாத பாத்தி மட்டும் வேணாம்."

"அதுக்காகத்தான் அண்ணே நெலமே கேக்கறேன்."

"ஆவணியில கல்யாணம். ஊரே அந்த ரோட்டுலதான் வரும்."

அவள் நாள் எண்ணினாள். வைகாசிக் கடைசியில் நட்டால் ஆடி முழுக்க அந்தப் பாத்தி மஞ்சளாகத்தான் நிற்கும். ஆவணிப் பிறப்புக்குள் பிடுங்கிவிட முடியாது. வெங்காயம் அறுபது நாளுக்கு மேலும் கொஞ்சம் கேட்கும்.

"கல்யாணத்தன்னிக்கு நான் வந்து அந்தப் பாத்திகிட்ட நிக்கறேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்னான்னு சொல்லுவ?"

"இது என் வெள்ளாமன்னு."

சௌந்தரத்திடம் அவர் ஏதோ கேட்பதும், அவள் உரக்கப் பதில் சொல்வதும் காதில் விழுந்தது.

"சரி," என்றார் ஞானசேகரன். "பட்டுப்பொடவ கட்டிகிட்டு நில்லு. அப்பதான் நெலத்துக்காரின்னு நம்புவாங்க."