அடித்தண்ணீரில் உஷாராணி

இரண்டாயிரத்து இருபத்தொன்று டிசம்பர் வெள்ளம் கிள்ளான் ஆற்றோரத் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டையும் விட்டுப் போனது, சபாபதி வீட்டை மட்டும் விடவில்லை. அவர் மனைவி உஷாராணி அந்தத் தண்ணீருக்கு அடியில் மூன்று வருஷம் குடியிருந்தாள். வெந்த சோற்றோடு ரைஸ் குக்கரை மாடிக்குத் தூக்கி வரலாம் என்று இறங்கியவள். கதவு திறந்தே கிடந்தது. தெரு காய்ந்து லோரிகள் ஓடின. தண்ணீர் மட்டும் வாசலோடு கத்தியால் வெட்டி வைத்த மாதிரி நின்றது. மாடிப்படியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் அவள் தெரிவாள். ஒரு கையைத் தூக்க அவளுக்கு ஒரு பகல் பிடித்தது.

மேலே இருந்தது மழைத் தண்ணீர், வெதுவெதுப்பு, செம்மண் நிறம். அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர், கடும் உப்பு, ஐஸ் மாதிரிக் குளிர். ஒரு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி போல இரண்டும் தனித்தனியாக இருந்தன. தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்த திமோத்தி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார். தென்துருவத்துப் பனியில் குளிர்ந்து, கனத்து, கடலின் அடிக்கு இறங்கி, தரையோடு தரையாக ஊர்ந்து வந்த தண்ணீர் என்றார். அது எப்படித் தாமானுக்குள் வந்தது என்று கேட்டதற்கு ஆகாயத்தைப் பார்த்தார். ஆபீஸ்காரர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

“மேல வருமா தம்பி?” என்று சபாபதி கேட்டார்.

“வரும் அங்கிள். தானா வரணும்னா ஆயிரம் வருஷம் ஆகும்லா.”

“எனக்கு அறுபத்தி நாலு ஆச்சு. யாருகிட்ட வந்து ஆயிரம்னு சொல்ற?”

திமோத்தி பாட்டிலை மூடிக்கொண்டு போனார்.

சபாபதி தெருவோர ஒட்டுக்கடையில் தேநீர் போடுகிறவர். அவருடைய மூன்றடுக்குத் தேநீருக்குப் பணக்காரப் பங்சாரிலிருந்துகூடக் காரில் வருவார்கள். அடியில் வெல்லப்பாகு, நடுவில் பால், மேலே தேயிலைச் சாயம். நீளக் கரண்டியை விட்டு நாமே கலக்கிக் குடிக்க வேண்டும். தேநீர்க்காரர் புத்தி அப்படித்தானே போகும்? நீண்ட மூங்கில் கழியோடு படியில் நின்று வீட்டைக் கலக்கினார். கடையைப் பூட்டிப் போட்டுவிட்டுக் கலக்கினார். மேல்தண்ணீர் சுழன்றது, நுரைத்தது, சுவரில் அறைந்தது. கறுப்புத் தண்ணீர் அசையவில்லை. ஆழ விட்டால் கழி உஷாராணி தலையில் பட்டுவிடும் என்ற பயத்தில் அவர் மேலாகவே துழாவினார். அடுத்த வீட்டுக் குமுதா, “அண்ணே, கேசரியா கிண்டுறீங்க? அக்காவுக்குத் தல சுத்தப் போவுது” என்று வேலியோரம் நின்று சொன்னாள். சிரித்துவிட்டு, அழுதுகொண்டே உள்ளே போனாள்.

மூன்றாம் வருஷம் டிங்கிக் காய்ச்சல் கொசு பெருகுகிறது என்று பின்சுவரை உடைக்க உத்தரவு வந்தது. வேலையாட்கள் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டார்கள். திமோத்தி ஓடி வந்தார்.

“ஒடைச்சா கனத்த தண்ணிதான் மொதல்ல ஓடும் அங்கிள். ஆத்துக்குப் போயி, கடலுக்குப் போயி, மறுபடி அடிக்கே போயிரும்.”

“அவ?”

“அவங்களும் அதோடதான் அங்கிள்.”

சபாபதி வட்டத்தின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். உடைக்கிற அன்று நான்கு பேர் அவரைத் தூக்கி அப்பால் வைத்தார்கள். அன்று பௌர்ணமி. கடல் ஏற்றம் வழக்கத்தைவிட உயரமாக ஆற்றில் ஏறி வந்தது. அது தினமும் வந்ததுதான். கறுப்புத் தண்ணீருக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, வழுவழு டைல்ஸ் தரையில் வழுக்கிப் போய்த் திரும்பிவிடும். ஆனால் உஷாராணி கீழே சும்மா இருக்கவில்லை. வீடு துடைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் சோபாவை நிறுத்தி வைத்திருந்தாள். அலமாரியைக் குப்புறச் சாய்த்து அதன்மேல் ஃபிரிட்ஜை உருட்டியிருந்தாள். தரை முழுக்க மேடும் பள்ளமும். முதல் சம்மட்டி அடி விழுந்தபோது கடல் ஏற்றம் அந்த மேட்டில் மோதி, ஏறி, நிற்க முடியாமல் உடைந்து புரண்டது. சுவரில் விரிசல் விழுந்தது. இரண்டாவது அடிக்குள் வீட்டுக்குள்ளே குளிர் கிளம்பியது. செம்மண்ணும் கறுப்பும் சுருண்டு சுருண்டு ஒன்றாயின. சோற்றுப் பருக்கைகள் மிதந்து வந்தன. பிறகு கூந்தல். பிறகு அவள். சம்மட்டிக்காரர்கள் ஓய்ந்து நின்றார்கள்.

சபாபதி மாடிப்படிக்கு ஓடி அவள் கையைப் பிடித்தார். உதடு நீலமாக இருந்தது.

“என்னாங்க, மூணு வருஷமா மேலயே சொறண்டிகிட்டு இருந்தா அடியில இருக்கிறவ எப்படி வருவா?”

“கழி ஒன் மேல பட்டுருமோன்னு…”

“பட்டா என்னாங்க? புடிச்சிகிட்டு ஏறியிருப்பேன்லா.”

 அவர் கையை விடவில்லை. கலந்த தண்ணீர், மற்ற வீட்டு வெள்ளம் போன வழியிலேயே, சாயங்காலத்துக்குள் வடிந்தது. விரிசலைச் சிமெண்டு வைத்துப் பூசினார்கள். உஷாராணி உடம்பிலிருந்து குளிர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. பங்குனி வெயிலில் குமுதா வெங்காயம் உரிக்க உஷாராணி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அந்தக் குளிரில் காற்றாடிக் கரண்டு மிச்சம்.