நூறு படிவங்களும் ஒரு பெஞ்சும்

ஆம்பூரில் டாக்டர் சுப்பராயனின் கிளினிக் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 'பரம்பரைப் புற்றுநோய் விழிப்புணர்வு' என்ற எழுத்து விரல் உயரம்; டாக்டரின் படம் ஆள் உயரம்.

சென்னை அறக்கட்டளை ஒன்று நூறு படிவங்களை அனுப்பியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது புற்று வந்ததா என்று நோயாளிகளைக் கேட்டு எழுத வேண்டும். 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்திட்டுச் சீட்டுத் தருவார். அதைக் காட்டினால் மரபணுச் சோதனை இலவசம். தனியாக உட்காரவைத்துக் கேட்கவும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. சுப்பராயன் கடைசி வரிவரை படிக்கிற ஜாதி அல்ல. முப்பது வருட அனுபவத்துக்குக் காகிதமா பாடம் எடுப்பது?

அவர் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கப்படுகிறவருக்கு ஸ்டூல், அடுத்த நான்கு டோக்கன்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. ஒருவருடைய மூலத்தை நால்வரும் கேட்டு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். டாக்டருக்கு நேரம் மிச்சம்.

"குடும்பத்துல யாருக்காவது கேன்சர் உண்டா?" அவர் குரல் தெருமுனை வரை போகும்.

ஸ்டூலில் இருந்த ஜெயம்மாள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேர் அவள் தெருக்காரிகள். "ஐயோ, அதெல்லாம் எங்க வீட்ல இல்ல சார். எங்கம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க."

அந்த அம்மா தூக்கமே இல்லாமல் எட்டு மாதம் துடித்தபோது வீடு தேடிப் போய்ப் புண் கட்டியவள் நர்ஸ் தேவகி. அவள் இப்போது பஞ்சை மும்முரமாக உருட்டினாள்.

அடுத்தவர் நயீம் அகமது, தோல் ஷெட் மேஸ்திரி. "இன்னா டாக்டர் சாப், வீட்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு நிக்காஹ் ஆவணும். 'இல்ல'ன்னு நல்லா பெரிசா எழுதுங்க."

பெரிதாகவே எழுதினார்.

"சார், பெஞ்ச வெளிய போட்டுக் கேட்டா..." என்று தேவகி இழுத்தாள்.

"இருபது வருஷமா கிடக்குற பெஞ்சு உன்ன இன்னா பண்ணுது?"

மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்பது படிவங்கள் நிறைந்தன. ஒரு 'ஆம்' இல்லை. நூறாவதை விழாவாக்க நினைத்தார் சுப்பராயன். மகள் சௌமியாவைப் பெண் கேட்டிருந்த சோளிங்கர் அம்மாவையும் அழைத்து, பெஞ்சில் நடு இடம் கொடுத்தார்.

"பாத்தீங்களாம்மா, ஒருத்தருக்குக்கூட இல்ல! நம்ம ஊரு ரத்தம் சுத்தம்!"

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. முப்பத்தெட்டு வயதில் மார்புப் புற்றில் போன தங்கைக்கு 'ஹார்ட்' என்றும், சூலகப் புற்றில் போன அம்மாவுக்கு 'மஞ்சக்காமாலை' என்றும் சொந்தக் கையால் சான்றிதழ் எழுதிச் சுத்தம் செய்தவர்.

நூறாவது டோக்கனோடு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள் சௌமியா. வயது இருபத்தேழு.

"நீ இன்னாத்துக்கு இங்க?"

"எனக்குச் சீட்டு வேணும்ப்பா. கேளுங்க."

"வீட்ல பேசிக்கலாம்."

"வீட்லதான் இத்தினி வருஷமா பேசலையே."

அவர் கேட்டார். முப்பது வருடத்தில் முதன்முறையாக அந்தக் குரல் மேசையைத் தாண்டவில்லை.

"கேக்கலப்பா. மத்தவங்கள கேட்ட மாதிரி கேளுங்க."

"கேன்சர்... யாருக்காவது..."

"ஆமா. அத்தைக்கு மார்ல. உங்கம்மாவுக்குச் சூலகத்துல. அப்பா வழியாவும் வரும்னு உங்க காகிதத்துலயே போட்டிருக்கு."

சோளிங்கர் அம்மா தேவகி பக்கம் சாய்ந்தாள். "தங்கச்சிக்கு ஹார்ட்டுன்னாங்களே?"

"கடைசில அதுவும்தான் நின்னுச்சும்மா."

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று பொதுவாக அறையைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். பின்னால் ஓட எழுந்த டாக்டரின் முன் படிவத்தை நகர்த்தினாள் சௌமியா.

"போறவங்க போவட்டும். கையெழுத்துப் போடுங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு."

வாசலைப் பார்த்தபடியே போட்டார். கோணலாக விழுந்தது, ஆனாலும் செல்லும்.

பிரஷர் மாத்திரைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயம்மாள் மெதுவாக எழுந்தாள். "சார், என் ஃபாரத்த ஒருவாட்டி எடுங்களேன்..." பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

தேவகி யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டுப் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை ஜெயம்மாள் பிடித்தாள்.

"பாத்து, பாத்து," என்று பதறினார் டாக்டர். "வாசல்ல பேனர் கிழிஞ்சிடப் போவுது!"