கல்வித் தகுதி: பிளஸ் டூ

"மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க இளமதி" என்றுதான் சுந்தரேசன் பேச்சை எடுத்தார். அப்படித் தொடங்குகிறவர்கள் நல்ல சேதி சொல்லி இளமதி கேட்டதே இல்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கணினிப் பயிற்சி மையத்துக்கு அவர் நிர்வாகி. பிளஸ் டூவோடு நின்றுபோனவர்களுக்கு ஆறு மாதம் இலவசமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம். இளமதி அங்கே பயிற்சியாளர். சில வருடங்களுக்கு முன்னால் அதே மையத்தின் முதல் பேட்ச்சில் உட்கார்ந்து படித்தவளும் அவள்தான். அதற்கும் முன்பு செராமிக் கம்பெனியில் வேலை. பீங்கான் ஃபியூஸ் கேரியரை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதை ஒதுக்கிப் போடுவாள். படித்து முடித்ததும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே இரண்டு வருடம் செயலிகளில் பிழை கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வரச்சொல்லி வீடு தேடி வந்து கூப்பிட்டவர் இதே சுந்தரேசன்.

"நிதி குடுக்கிறவங்க புது ரூல் போட்டிருக்காங்க. ட்ரெயினருன்னா டிகிரி இருக்கணுமாம். ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து நடேஷ்னு ஒருத்தர் வர்றாரு, பி.இ. ஒரு மாசம் கூட இருந்து அவருக்குப் பழக்கி வுடுங்க. அப்புறம் லேப் உதவியாளரா நீங்க இங்கியே இருக்கலாம்."

"டிகிரி வேணாம்னு சொல்லித்தானே சார் வூடு வூடா போயி ஆள் சேத்தோம்?"

"அது வேலைக்கும்மா. கத்துக்குடுக்கிறது வேற."

"கத்துக்குடுக்கிறது வேலை இல்லீங்களா?"

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் புருஷன் கொளஞ்சிநாதன் சமாதானம் சொல்லப் பார்த்தான். "உதவியாளர்னா என்ன, அதே ரூமு, அதே பசங்க. இருந்துட்டுப் போயேன்."

"சூளைன்னா என்னான்னே தெரியாத ஒருத்தர கூட்டியாந்து, அவருக்குக் கையாளா நில்லுங்கன்னா நிப்பீங்களா?"

அவன் செராமிக் கம்பெனிச் சூளையில் பதினைந்து வருடமாக நிற்பவன்.

நடேஷ் புதன்கிழமை வந்தான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் இளமதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவன் மூன்று வருடம் வேலை தேடி அலுத்தவன். டெஸ்டிங் தெரியாது என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டான்.

"மேடம், நீங்க எடுங்க. நான் பின்னாடி உக்காந்து நோட்ஸ் எடுத்துக்கறேன்."

"ஏன், காலேஜு நாலு வருஷத்துல உங்களுக்குச் சொல்லிக்குடுக்கலையா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

அன்று இன்டர்வியூ பயிற்சி. இருபத்திரண்டு பேரில் முதலில் எழுந்தவள் பூங்கோதை. கருவேப்பிலங்குறிச்சிப் பெண். அவள் அப்பா மகளை அனுப்பவே மாட்டேன் என்று நின்றவர். "இன்ஜினியரிங் முடிச்சவனே சும்மா சுத்துறான், எம் பொண்ணுக்கு எவன் வேல குடுப்பான்?" என்று கேட்டவரிடம், "என்னப் பாருங்கண்ணே, நான் உறுதி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் இளமதி.

"அக்கா, டிகிரி இல்லியான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

ஒவ்வொரு பேட்ச்சிலும் வருகிற கேள்வி. 'என் வேலையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்லு' என்பது அவள் வழக்கமான பதில். இன்று அவள் அதைச் சொல்லவில்லை. கையில் இருந்த மார்க்கரை மேசையில் வைத்துவிட்டுப் போய் சுந்தரேசனைக் கூட்டிவந்தாள்.

"சார், பூங்கோதை ஒரு கேள்வி கேட்டிருக்கா. நீங்க சொல்லுங்க."

பூங்கோதை மறுபடியும் கேட்டாள். சுந்தரேசன் சிரித்தார். "திறமைதாம்மா முக்கியம். அதத்தானே அக்கா சொல்லிக்குடுக்கிறாங்க?"

"அப்ப எனக்கு இல்லாத திறமை எது சார்? இவங்க முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் இளமதி.

"பசங்க முன்னாடி வேணாம். ரூமுக்கு வாங்க."

"பசங்ககிட்டதான் சார் நான் பொய் சொல்லியிருக்கேன். ரூமுகிட்ட இல்ல." அவள் வகுப்பின் பக்கம் திரும்பினாள். "எனக்கு டிகிரி இல்லன்னு என்னைய ட்ரெயினர் வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. இனிமே உங்களுக்கு நடேஷ் சார்தான் எடுப்பாரு. வெளிய எப்படி இருக்கும்னு நீங்க தெரிஞ்சிக்கணும், அதான் சொல்றேன்."

நடேஷ் தலையைக் குனிந்துகொண்டான். பூங்கோதை, "அப்ப நாங்க எதுக்கு சார் தெனமும் ரெண்டு பஸ்ஸு மாறி வரோம்?" என்றாள். இளமதி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன்பிறகு அங்கே போகவில்லை.

மறுநாள் மூன்று பேர் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள். சான்றிதழ் வேண்டுமே, என்ன செய்வார்கள். பூங்கோதையும் போனாள். இளமதி பழைய சென்னைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பகுதி நேர வேலை கொடுத்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் அவள் கடைசியாக எழுதிய பிழை அறிக்கைகள் மட்டுந்தான்.

ஐந்தாவது வாரம் சுந்தரேசன் போன் செய்தார். நடேஷ் புதுச்சேரியில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டானாம். பசங்களுக்குத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டதாம்.

"நீங்க வந்து எடுங்க இளமதி. ரெக்கார்டுல ஜயா மேடம் பேர் போட்டுக்கலாம். அவங்க எம்.எஸ்.சி. கையெழுத்து அவங்க போடுவாங்க. உங்க சம்பளம் உங்களுக்கு வந்துடும்."

இளமதிக்குக் காது சூடாயிற்று. ஜயா அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்பவர். ஒரு வகுப்புக்குக்கூட வந்ததில்லை.

"தேர்வுல பசங்க ஃபெயிலானா உங்களுக்குத்தானேம்மா வருத்தம்" என்றார் சுந்தரேசன்.

"வருத்தந்தான் சார். வரேன். ட்ரெயினர் ரெக்கார்டுல இளமதின்னு எழுதுங்க. கல்வித் தகுதின்னு இருக்குமே, அங்க பிளஸ் டூன்னு எழுதுங்க. அதப் போட்டோ புடிச்சி அனுப்புங்க, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்."

"அது எப்படிம்மா முடியும்? ஆடிட் வருமே."

"ரெக்கார்டுல பேர் எழுதக் கூடாத ஆளு எப்படி சார் சொல்லிக்குடுக்க முடியும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. இளமதி போனை வைத்துவிட்டாள். பூங்கோதையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்காக ஒரு முறை அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மடிக்கணினியைத் திறந்து, அன்றைய பிழை அறிக்கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.