ஒன்பதாம் மாடிப் பாலம்

நகரின் நட்டநடுவில் நிற்கும் அந்த அலுவலக வளாகத்தை இரட்டைக் கோபுரம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முதல் கோபுரம் எழும்பி எட்டு வருடம் கழித்துத்தான் இரண்டாவது வந்தது. அதுவும் அடிமண் இளக்கம் என்று சொல்லி மூன்று மாடியைக் குறைத்துவிட்டார்கள். பலகையில் ஏ, பி என்று எழுதியிருக்கிறது. யார் அதைச் சட்டை செய்கிறார்கள்? அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு உயரமானது அண்ணன், குட்டையானது தம்பி.

அண்ணனுக்கு நாற்பது வயது நிறைவதால் வாசல் கூடத்தில் மாட்ட ஒரு பக்க வரலாறு வேண்டும் என்றார் மேனேஜர். அந்த வேலையை ரெஜிஸ்டர் அக்காவின் தலையில் கட்டினார். பராமரிப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடமாகப் புகார் ரெஜிஸ்டரைக் கட்டி ஆள்கிறவள் அவள். குழாய் உடைந்துவிட்டது என்று மூச்சிரைக்க ஓடி வருகிறவரிடமும், "வாயால சொன்னா வேலை நடக்காது, எழுதிக் குடுங்க" என்பாள். தண்ணீர் கணுக்கால் வரை ஏறினாலும் அதே பதில்தான். இந்தப் பழக்கம் தம்பிக்கும் தொற்றி, அங்கே காவலாளிகூட எதற்கெடுத்தாலும் நோட்டை நீட்டுவார்.

தம்பியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருப்பவள் அவளுடைய சொந்தத் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். இருவருக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. காலையில் எதிரெதிர் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், மற்றவள் கைப்பைக்குள் எதையோ தேடுவாள். இனி அதற்கும் வழியில்லை. தம்பியைப் புதுப்பிக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமையோடு கட்டடம் காலி, துப்புரவு ஆட்கள் எல்லோருக்கும் நகரத்தின் மறுகோடிக்கு மாற்றல். இதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகத் தானே போய்ப் பேசிவிடுவாளா? வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அவள் தங்கையைத் தவிர.

சண்டை வந்தது அப்பாவின் சாவில். அண்ணன் கோபுரத்தின் முதல் லிஃப்ட் ஆபரேட்டர் அவர். ஓய்வு பெற்று, நோயில் விழுந்து, ஒருநாள் காலை மருத்துவமனையிலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. அவள் ஓடினாள். அக்காவுக்கு அடுத்த போன்தான் கிடைத்தது. போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவமனை வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அக்கா வெடித்தாள்.

"கூப்பிடு தூரத்துலதானே இருக்கேன்? எனக்குச் சொல்லணும்னு தோணலையா? நீ மட்டும் பக்கத்துல இருந்தா போதும்னு நெனச்சியா?"

தங்கை வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அன்று மூடியதுதான்.

புதன்கிழமை காலை அக்கா இரண்டு கோபுரங்களின் பழைய ரெஜிஸ்டர்களையும் மேசைமேல் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியின் ரெஜிஸ்டர்கள் இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. ஜன்னலில் புறா முட்டையிட்டுவிட்டது, மேலே டைப்ரைட்டர் சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று முதல் வருடப் புகார்கள். லிஃப்டில் சிக்கிய ஒன்பது பேருக்கு அப்பா கதை சொல்லிச் சமாளித்ததாக ஒரு குறிப்பு. அதைப் படித்துத் தனியாகச் சிரித்தாள்.

பிறகு பாலத்துக்கு வந்தாள். இரண்டு கோபுரத்தையும் ஒன்பதாம் மாடியில் இணைக்கும் பாலம். அதை எப்போது மூடினார்கள், யார் மூடினார்கள்? கேட்டால், அண்ணனில் இருப்பவர்கள் தம்பியைக் கைகாட்டுவார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'பாலத்துக்குப் பால் நிறக் கண்ணாடி மாற்றும் வேலை. மூன்று நாள் மூடல். எங்கள் பக்கம் பூட்டியாயிற்று. சாவி என்னிடம்.'

தேதியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இறந்த தேதி. அதற்குப் பிறகு அவள் பதினைந்து நாள் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது பாலத்தின் நினைப்பே இல்லை.

தம்பியின் ரெஜிஸ்டரை இழுத்து அதே தேதியைத் தேடினாள். தங்கையின் எழுத்து, கோட்டைத் தாண்டிச் சரிந்திருந்தது.

'காலை 11.20. பாலத்தில் அந்தப் பக்கக் கதவு பூட்டியிருக்கிறது. அக்கா போன் எடுக்கவில்லை. அவளை உடனே கூப்பிட வேண்டும். அவசரம். திறக்கவும்.'

பக்கத்தில் 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டம். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அக்கா அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்று அந்த நேரத்தில் அவள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

மேசை டிராயரில் பழைய சாவிகளுக்கு அடியில் அந்தச் சாவி கிடந்தது. அதையும் தம்பியின் ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனாள். கதவை அடைத்துக் கிடந்த உடைந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். பூட்டு முரண்டு பிடித்துத்தான் திறந்தது. பன்னிரண்டு வருடத் தூசி முகத்தில் அடிக்கப் போகிறது என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

தூசி இல்லை. அவள் கால் வைத்த இடம் வரை தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. மறுமுனைக் கதவு விரியத் திறந்திருந்தது. நடுவில் துடைப்பான் கட்டையோடு தங்கை நின்றிருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓரமா வா" என்றாள் தங்கை. "இப்பத்தான் துடைச்சேன்."

அக்கா மறுமுனைக் கதவைப் பார்த்தாள். "உங்க பக்கம் பூட்டலையா?"

"நாங்க எப்ப பூட்டினோம்?"

"அப்ப, இத்தன வருஷமா இங்க..."

"வேலைப் பட்டியல்ல பாலம்னு இருக்கு. யாரும் அதைக் கோடு போட்டு அடிக்கல. துடைக்கிறேன்."

"ஆள் நடக்காத இடத்தையா?"

தங்கை துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். "என்னிக்காவது நீ திறப்ப. தூசியா கிடந்தா அதுக்கும் என்னைத்தான் திட்டுவ."

அக்கா ரெஜிஸ்டரை விரித்துக் காட்டினாள். "என்னைக் கூப்பிட வந்திருக்க. ஏன்டி சொல்லல?"

"சொல்ல விட்டியா நீ? கை வலிக்க வலிக்கத் தட்டினேன். எழுதிக் குடுங்கன்னாரு காவலாளி, எழுதினேன். கீழ இறங்கி உன் கட்டடத்துல ஏறி வர்றதுக்குள்ள அப்பா போயிடுவாரோன்னு பயந்து அப்படியே ஓடிட்டேன்." தங்கை ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்னைத்தான் கேட்டாரு. அக்கா வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்."

ஈரத் தரையில் ஓரம் பார்க்காமல் நடந்து போய் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுடி."

தங்கை புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "வாயால சொன்னா வேலை நடக்காது. எழுதிக் குடு."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். ரெஜிஸ்டரைப் பாலத்தின் கண்ணாடிமேல் வைத்துப் பிடித்து, காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுதினாள்: 'கதவு திறக்கப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறேன்.' கையெழுத்தும் போட்டாள்.

தங்கை அவள் தோளில் சாய்ந்தபடி அதை இரண்டு தடவை படித்தாள்.

"தேதி போடல" என்றாள்.