உப்பு எப்போது பிரிகிறது

புத்தகத்தில் தப்பு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் ஃப்ளோரன்ஸ்தான்.

அவளும் ஜஹீதாவும் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சியில் ஒரே வகுப்பில் இருந்தார்கள். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பயிற்சியின் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், பரீட்சை அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இருவருக்கும் மயிலாப்பூரில் ஒரே பெண்கள் பள்ளி, ஒரே பாடம்: அயனிகள். ஜஹீதாவுக்கு ஏ பிரிவு, ஃப்ளோரன்ஸுக்கு பி பிரிவு. அந்தப் பள்ளியில் ரசாயன டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பாஸ் பண்ணிவிட்டால் அது உனக்குத்தான் என்று தலைமையாசிரியை ஜஹீதாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

சாந்தோமில் ஃப்ளோரன்ஸ் வீட்டில் உட்கார்ந்து இருவரும் பாடம் தயார் செய்தார்கள். அந்தப் பள்ளியில் பாடமாக வைத்திருந்த தமிழ் ரசாயனப் புத்தகத்தைப் புரட்டிய ஃப்ளோரன்ஸ் திடீரென்று சிரித்தாள்.

"இன்னாடி இது? கரென்ட் விட்டாத்தான் உப்பு உடைஞ்சு அயனி ஆகுதாம். அப்போ நம்ம கடலுக்கு யாரு கரென்ட் விட்டாங்க?"

ஜஹீதா எட்டிப் பார்த்தாள். அவளும் அப்படித்தான் படித்திருந்தாள். "ஏன், அது தப்பா?"

"தப்புதான். சோடியம் ஒரு எலக்ட்ரானை விட்டுடுது, குளோரின் அதை வாங்கிக்குது. கட்டி உப்பா இருக்கறப்பவே ரெண்டும் அயனிதான். தண்ணி சும்மா பிரிச்சு விடுது, அவ்ளோதான். பேரைப் பாரு, 'குளோரின் அயனி'யாம்! சோடியம் விட்டுக் குடுத்தாலும் அதே பேருதான், சோடியம் அயனி. வாங்கிக்கினதுக்குத்தான் பேரு மாறும், குளோரைடு."

"பொண்ணுங்க இதைக் காட்டிக் கேட்டா?"

"புத்தகம் தப்புன்னு சொல்லு. வேற இன்னா?"

பரீட்சை அன்று காலைதான் தெரிந்தது, வந்திருக்கும் அதிகாரி ரகுபதி, அந்தப் புத்தகத்தை எழுதியவரே என்று. ஃப்ளோரன்ஸ் ஜஹீதாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜஹீதாவின் பாடம் முதலில். அவள் நன்றாகவே நடத்தினாள். சோடியம் இழப்பதையும் குளோரின் பெறுவதையும் பலகையில் வரைந்தாள். இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்தால் ஃபெர்ரஸ், மூன்றை இழந்தால் ஃபெர்ரிக் என்றபோது பெண்கள் கூடவே சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ரகுபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், உப்புல முன்னாடியே அயனி கீதுன்னு சொல்றீங்க. புக்குல கரென்ட் வுட்டாத்தான் வரும்னு போட்டுக்கீதே?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"புத்தகத்துல இருக்கறது தப்பும்மா. அடிச்சிட்டு, நான் சொன்னதை எழுதிக்கோ. அது குளோரின் அயனி இல்லை, குளோரைடு அயனி."

வகுப்பு முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. ரகுபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தொடருங்கோ" என்றார்.

அடுத்த மணி பி பிரிவில். ஜஹீதா பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். ஃப்ளோரன்ஸின் கையெழுத்து எப்போதும் அழகு. 'மின்சாரம் பாயும்போது உப்பு அயனிகளாக உடைகிறது' என்று அவள் நிதானமாகப் பலகையில் எழுதினாள். அதன் கீழே 'குளோரின் அயனி' என்று எழுதிக் கோடும் போட்டாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

ஜஹீதா ஃபெயில். வேலை ஃப்ளோரன்ஸுக்குப் போயிற்று.

கச்சேரி ரோட்டில் தோல் பை தைத்து விற்கும் ஜஹீதாவின் தகப்பனார் இனாயத், "மார்க்கு போட்டவரையே போய்க் கேளும்மா. நானும் வர்றேன்" என்றார். இருவரும் தி.நகரில் ரகுபதி வீட்டுக்குப் போனார்கள். அவர் மரியாதையாகவே உட்கார வைத்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. ஆத்துக்கு வந்து பெரிய புஸ்தகங்களைப் பார்த்தேன். அடுத்த பதிப்புல மாத்திடறேன்."

"அப்ப என்னை ஏன் சார் ஃபெயில் பண்ணீங்க?"

"கெமிஸ்ட்ரிக்கு முழு மார்க் போட்டிருக்கேன். குழந்தைகளை வச்சுண்டு பாடப்புஸ்தகத்தை அடின்னு சொன்னேளே, அதுக்குத்தான் கொறைச்சேன். நாளைக்கு அதுகள் எந்தப் புஸ்தகத்தை மதிக்கும்?"

இனாயத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜஹீதா எழுந்துவிட்டாள்.

மறு வருஷம் அவள் பாஸ் பண்ணினாள். கிடைத்தது சைதாப்பேட்டையில் சின்ன வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தரும் வேலை. ரசாயனத்தை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை.

இன்னும் ஒரு வருஷம் கழித்து, லஸ்ஸில் ஒரு புத்தகக் கடையில் ரகுபதியின் புத்தகத்தைப் பார்த்தாள். இரண்டாம் பதிப்பு. அயனிப் பாடத்தைப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு முன்னுரையைப் படித்தாள். முதல் பதிப்பின் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்த உதவிய குமாரி ஃப்ளோரன்ஸுக்கு நன்றி என்று அச்சாகியிருந்தது.

அதே வாரம் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளோரன்ஸே எதிரில் வந்தாள். தப்பிக்க இருவருக்கும் இடமில்லை.

"படிச்சியா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"படிச்சேன்."

"அவரு ஸ்கூலுக்கு வந்து கேட்டாரு, திருத்திக் குடுத்தேன். பேரை அவராத்தான் போட்டாரு. நான் கேக்கலை ஜஹீதா."

"வேணாம்னும் சொல்லலியே."

"அன்னிக்கு அந்தத் தப்பைப் பார்த்தது நான்தானே?" ஃப்ளோரன்ஸின் குரல் சட்டென்று உயர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா போனப்புறம் ரெண்டு தம்பிங்களுக்கும் நான்தான் சோறு போடணும். நான் இன்னா பண்ணியிருக்கணும், சொல்லு."

ஜஹீதாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது? பஸ் வந்தது. ஏறினாள். ஃப்ளோரன்ஸ் ஏறவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தப்பைக் கண்டவளுக்கு நன்றி, சொன்னவளுக்கு ஃபெயில். இதை யாரிடமாவது சொல்லி விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் போலிருந்தது. அப்படிச் சிரிக்க அவளுக்கு இருந்தது ஒருத்திதான். அவள் இன்னும் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள்.